'அடுத்த வாரம் போட்டுடறோம்ங்க': வராத பில் பணம் எங்கே சிக்கியிருக்கிறது?

கோவைப் பக்கம் நான்கைந்து சி.என்.சி. (கம்ப்யூட்டர் வழி இயங்கும் கடைசல் மிஷின்) பட்டறைகளுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். பம்புக்கு ஷாஃப்ட், வால்வுக்கு பாடி, கியருக்கு பிளாங்க் என்று பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் (கூலிக்குச் செய்யும் வேலை) செய்து கொடுக்கும் பட்டறைகள். முதலாளிகள் என்னிடம் சத்தம் போடுவது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஜி.எஸ்.டி. கட்டப் பணமில்லை என்பது ஒன்று. பார்ட்டி, அதாவது வேலை வாங்கிய கம்பெனி, பணம் போடவில்லை என்பது இன்னொன்று. யோசித்தால் இரண்டும் ஒரே கதை. 1,00,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத வரியோடு பில் போட்டால், பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்று அரசு கேட்காது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர், உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்த ஜி.எஸ்.டி.யை, கழித்து மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

வருடக் கணக்கில் போன் போட்டுப் போட்டு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஏமாற்ற நினைக்கிற பார்ட்டிகள் குறைவு. அனேக நேரம் பில் ஏதோ ஒரு மேசையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது, நாம் வேறொரு மேசைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம். பார்ட்டி சொல்லும் பதிலில்தான் நோயின் அறிகுறி இருக்கிறது. அதனால் பதில்களை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வருகிற பதில் எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

அறிகுறி 1: "அந்தப் பில்லுக்குப் போட்டாச்சே!"

இதைக் கேட்டவுடன் கோபப்படாமல் முதலில் உங்கள் டாலி கணக்கு மென்பொருளைத் திறந்து பாருங்கள். பார்ட்டி மூன்று பில்லுக்குச் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை போட்டிருப்பார். ரசீது போடும் பையன் எந்தப் பில்லுக்கு என்று தெரியாமல் 'ஆன் அக்கவுண்ட்' (எந்தப் பில்லிலும் சேராத பொது வரவு) என்று தட்டிவிட்டிருப்பான். லெட்ஜர் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். பில்வாரி நிலுவைப் பட்டியலில் மட்டும் பணம் வந்துவிட்ட பில் 140 நாள் பாக்கி என்று சிவப்பில் நிற்கும். நீங்கள் அதை வைத்துக்கொண்டு பர்ச்சேஸ் மேனேஜரிடம் குரலை உயர்த்துவீர்கள். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். அதன்பிறகு ஆறு மாதம் அந்த மனிதர் என் போனை இரண்டாவது ரிங்கிலேயே கட் செய்துவிடுவார்.

சரிசெய்வது எளிது. பணம் வந்த அன்றே 'எந்தெந்த பில்லுக்குங்க?' என்று கேட்டு பேமெண்ட் அட்வைஸ் வாங்கி, அதன்படி பில்வாரியாகக் கழியுங்கள். அட்வைஸ் தராத பார்ட்டிக்கு, 'இன்ன தேதி வந்த இன்ன தொகையை இந்த மூன்று பில்லுக்கு வைத்திருக்கிறோம், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்' என்று நீங்களே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுப்பவரே நம் வருமான வரிக்காக முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் தொகை. தனிநபர் பட்டறையாக இருந்தால் ஜாப் வொர்க் பில்லில் 1 சதவீதம் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால், அது சேர்க்காத தொகைக்குத்தான் பிடித்தம். 1,18,000 ரூபாய் பில்லுக்கு 1,17,000 வரும். அந்த 1,000 ரூபாயை டி.டி.எஸ். கணக்குக்கு மாற்றாமல் விட்டால் பில்லின் வால் மட்டும் நிலுவையிலேயே தொங்கும். ஐம்பது பில்லின் வால்கள் சேர்ந்தால், அதைப் பார்த்து முதலாளி 'அவன்கிட்ட அரை லட்சம் நிக்குது' என்பார். வருமான வரித் தளத்தில் நம் பான் எண்ணில் அந்தப் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஏறாமல் இருந்தால்தான் அது உண்மையான பாக்கி. அதைக் கேட்க வேண்டிய இடமும் வேறு: பார்ட்டியின் வரி பார்க்கும் ஆள்.

அறிகுறி 2: "பில்லே வரலைங்க"

பாதி நேரம் இது உண்மை. டிரைவர் சரக்கோடு கொடுத்த பில் கேட்டில் நின்றுவிட்டிருக்கும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் போனது யாரோ ஒருவரின் போனிலேயே தூங்கும். எந்த மெயிலுக்கு அல்லது எந்த வெண்டார் போர்ட்டலுக்கு அனுப்பினால் அது 'வந்ததாக' எடுத்துக்கொள்வார்கள் என்று முதல் ஆர்டரின்போதே கேட்டு எழுதி வையுங்கள். பில் போன மூன்றாவது நாள் ஒரு போன்: 'வந்துடுச்சுங்களா?' அவ்வளவு போதும். அறுபதாவது நாளில் இதே கேள்வியைக் கேட்டால் கெடு அன்றிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

அறிகுறி 3: "பில் இன்னும் பாஸ் ஆகலை"

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் பார்த்தவரை அதிகப் பணம் முடங்குவது இந்த ஒரு வரியில்தான்.

ஓரளவு பெரிய எந்தக் கம்பெனியிலும் மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் பில் பாஸ் ஆகும். அவர்கள் கொடுத்த பி.ஓ. (ஆர்டர் தாள்), சரக்கு இறங்கியதற்கு அவர்கள் ஸ்டோர் போடும் ஜி.ஆர்.என்., நாம் கொடுத்த பில். அளவு, விலை, ஐட்டம் கோடு, வரி இவற்றில் ஏதாவது ஒன்று பிசகினாலும் கம்ப்யூட்டர் அதை ஓரமாக ஒதுக்கிவிடும். ஒதுக்கியதை நமக்குச் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

ஒரு பம்ப் கம்பெனியில் எங்கள் பில் ஒன்று நான்கு மாதம் நின்றது. அக்கவுண்ட்ஸில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் 'அடுத்த வாரம் சார்' என்பார். குரலில் பொய் தெரியாது. கடைசியில் நேரில் போனேன். விஷயம் இதுதான்: ஒரே டெலிவரி சலானில் (சரக்கோடு போகும் சீட்டு) இருந்த சரக்கை எங்கள் டெம்போ இரண்டு நடையாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது. முதல் நடைக்கு ஜி.ஆர்.என். போட்டார்கள், இரண்டாவது நடைக்குப் போட மறந்துவிட்டார்கள். பில்லில் 500, ஜி.ஆர்.என்.னில் 300. அக்கவுண்ட்ஸ் பெண்ணின் திரையில் அந்தப் பில் வரவே இல்லை. அவர் சொன்ன 'அடுத்த வாரம்' வெறும் மரியாதைக்கு. ஸ்டோர்காரர் இன்வேர்ட் நோட்டைப் புரட்டிப் பார்த்து, 'அட, இது உட்டுப்போச்சுங்ளே' என்று பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார், டீயும் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. நான்கு மாதமாக நான் தவறான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே 'பணம் எப்ப வரும்?' என்ற கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வரிசையாக இப்படிக் கேளுங்கள்.

முதலில் ஸ்டோருக்கு: "அண்ணா, 214ஆம் நம்பர் சலான், 6ஆம் தேதி இறங்குச்சு. ஜி.ஆர்.என். ஆயிடுச்சுங்களா? நம்பர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்." நம்பரை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஆகவில்லை என்றால் தரச்சோதனையில் நிற்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து அக்கவுண்ட்ஸுக்கு: "மேடம், இந்த ஜி.ஆர்.என். நம்பருக்கு பில் புக் ஆயிடுச்சுங்களா? டியூ தேதி என்னன்னு காட்டுது?" அவர்கள் காட்டும் டியூ தேதி உங்கள் டாலியில் இருப்பதோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. நீங்கள் பில் தேதியிலிருந்து எண்ணுவீர்கள், அவர்கள் ஜி.ஆர்.என். தேதியிலிருந்து எண்ணுவார்கள். இந்த வித்தியாசத்தை ஆர்டர் வாங்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

விலை பிசகியிருந்தால் பர்ச்சேஸில்தான் வேலை. கம்பி விலை ஏறியதால் பேசி வாங்கிய 4 ரூபாய் உயர்வு வாய்மொழியாகவே நின்றிருக்கும், பி.ஓ. பழைய விலையில் இருக்கும். பி.ஓ. திருத்தம் கையில் வராமல் புது விலையில் பில் போடவே போடாதீர்கள். 4 ரூபாய் வித்தியாசத்துக்காக முழு பில்லும் நிற்கும்.

கடைசியாக ஒரு கேள்வி: "பேமெண்ட் என்னிக்கு ஓட்டுவீங்க?" பல கம்பெனிகளில் பணம் போட வாரத்தில் ஒரு நாள், அல்லது மாதத்தில் இரண்டு நாள் என்று வைத்திருப்பார்கள். 10ஆம் தேதி ஓட்டம் என்றால் 8ஆம் தேதிக்குள் பாஸ் ஆகாத பில் 25 வரை காத்திருக்கும். பார்ட்டி வாரியாக அந்த நாட்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் மேசைக்கு மேல் அப்படி ஒரு தாள் இருக்கிறது, வீட்டு காலண்டரைவிட நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

அறிகுறி 4: "உங்க பில் எங்க 2பி-ல காட்டலை"

பார்ட்டி உள்ளீட்டு வரி எடுக்க, உங்கள் பில் அவருடைய ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வர வேண்டும். அது மாதாமாதம் 14ஆம் தேதி உருவாகும். நீங்கள் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போட்டிருந்தால் வந்துவிடும்.

சிக்கல் காலாண்டு ரிட்டர்ன் போடும் சிறிய பட்டறைகளுக்கு. ஏப்ரலில் போட்ட பில் ஜூலையில்தான் பார்ட்டிக்குத் தெரியும். அதுவரை பணத்தையோ, குறைந்தது வரிப் பகுதியையோ அவர் நிறுத்தி வைப்பார். இதற்காகவே ஐ.எஃப்.எஃப். என்ற வசதி இருக்கிறது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும், அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் அந்தந்த மாத பில்களை ஏற்றிவிடலாம். கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவருக்கு அது கட்டாயம்தான். பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இதே பதில்தான் வரும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் பக்கமும் ஒரு பிடி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பார்ட்டி, எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். 150ஆம் நாள் வாக்கில் இதைப் பணிவாக நினைவூட்டி ஒரு மெயில் போட்டால், பர்ச்சேஸுக்குப் போகாத சூடு ஆடிட்டருக்குப் போய்ச் சேரும்.

அறிகுறி 5: "சரக்கு ரிஜெக்ட் ஆயிடுச்சு, டெபிட் நோட் வரும்"

இறங்கிய வாரத்திலேயே சொன்னால் அது தரப் பிரச்சினை. பணம் கேட்ட அன்றைக்கு, அதுவும் இரண்டு மாதம் கழித்து முதல்முறையாகச் சொன்னால் அது பணப் பிரச்சினை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம்.

ஆனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், எத்தனை பீஸ் என்று எண்ணச் சொல்லுங்கள். 500-ல் 12 பீஸுக்கு ஓவாலிட்டி (வட்டம் சரியாக வராத குறை) என்றால், அந்த 12-க்கு உடனே கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து நாம் தரும் சீட்டு) போட்டுவிட்டு மீதி 488-க்குப் பணம் கேளுங்கள். தகராறை 12 பீஸுக்குள் அடைத்துவிட வேண்டும். நமது வரியும் குறைய வேண்டுமென்றால் பார்ட்டி தன் பக்கம் கழித்து அனுப்பும் டெபிட் நோட் போதாது, கிரெடிட் நோட்டை நாம்தான் போட வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குப் பிறகு போட்டால் வரிக் குறைப்பு கிடையாது.

அறிகுறி 6: எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம்"

பில் புக் ஆகிவிட்டது, டியூ தேதியும் தாண்டிவிட்டது, இருந்தும் அடுத்த வாரம் என்கிறார்கள். இப்போதுதான் உண்மையில் பணத்தைக் கேட்கும் நேரம்.

'அடுத்த வாரம்' என்பதைத் தேதியாகவும் தொகையாகவும் மாற்றுங்கள். "சரிங்க சார், 14ஆம் தேதி 214, 219 ரெண்டு பில்லுக்கும் போடறீங்கன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, அதையே இரண்டு வரி மெயிலாகவும் அனுப்புங்கள். 15ஆம் தேதி காலை போன் போக வேண்டும். நாம் 20ஆம் தேதி கூப்பிட்டால், நமக்கே அவசரமில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். பெரிய பாக்கியாக இருந்தால் முழுதும் கேட்டு முட்டிக்கொள்வதைவிட, பழைய பில் ஒன்றை முழுசாக முடிக்கச் சொல்லுங்கள்.

உத்யம் பதிவு எண் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் எண்) உங்கள் பில்லில் அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். பி.ஓ.வில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45-தான். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31 அன்று நிற்கும் பாக்கியைப் பார்ட்டி அந்த வருடச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. பணம் கொடுக்கிற வருடத்தில்தான் காட்டலாம். இதனால் பிப்ரவரி கடைசியில் அனுப்பும் நிலுவைப் பட்டியலுக்கு ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது. உத்யம் சான்றிதழ் நகலை அதோடு இணையுங்கள். வாங்கி விற்கும் வியாபாரி உத்யமில் பதியலாம், ஆனால் இந்தக் கெடுப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது.

பிறகு, எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் தொடப் பயப்படுகிற மருந்து: அடுத்த லோடை நிறுத்துவது. 'ஆர்டர் போயிடுமே' என்பார் முதலாளி. பணம் வராத ஆர்டர் போனால் கரண்ட் பில்லாவது மிச்சம் என்பது என் கட்சி, ஆனால் மிஷினுக்குத் தவணை கட்டுவது அவர், நானில்லை. ஒன்று மட்டும் கவனம். வேலை செய்து முடித்த சரக்கை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பிடித்து வைக்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. கடனுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் அது எடுபடாது. பழைய பில்லுக்காக நேற்று வந்து இறங்கிய காஸ்டிங்கை மடக்கி வைக்கவும் இந்தப் பிரிவு உதவாது. கோபத்தில் பலர் செய்வது அதைத்தான், பிறகு போலீஸ் புகார்வரை போய்விடுகிறது.

அறிகுறி 7: "எங்களுக்கே மேல இருந்து வரலைங்க"

உங்கள் பார்ட்டி இன்னொரு பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்பவர் என்றால் இது உண்மையாகவே இருக்கும். ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸ் (பில்லை வைத்து முன்கூட்டிப் பணம் வாங்கும் இணையச் சந்தை) தளத்தில் பதிய வேண்டும் என்பது விதி. ஆர்.எக்ஸ்.ஐ.எல்., இன்வாய்ஸ்மார்ட், எம்1எக்ஸ்சேஞ்ச் போன்றவை அந்தத் தளங்கள். பில்லை ஏற்றி, வாங்கியவர் அதை ஒத்துக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டு வட்டி கழித்து உங்களுக்குப் பணம் தந்துவிடும். கெடுவில் கம்பெனி கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பி வரமாட்டார்கள். ஆனால் பதிந்திருப்பதும் பில்லை ஒத்துக்கொள்வதும் வேறு வேறு. அதனால் ஆர்டர் பேசும்போதே 'டிரெட்ஸ்ல அக்செப்ட் பண்ணுவீங்களா?' என்று கேட்டுவிடுங்கள்.

அறிகுறி 8: செக் திரும்பி வந்துவிட்டது

இங்கே பேச்சு குறையட்டும், தேதி எண்ணுங்கள். செக்கின் ஆயுள், அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம். அதற்குள் மறுபடி போடலாம். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், பார்ட்டி புனேயில் இருந்தாலும் புனேக்கு ஓட வேண்டாம். 'இன்னும் பத்து நாள் பொறுங்க' என்ற பேச்சில் மயங்கி அந்த 30 நாளைத் தொலைத்துவிட்டு வக்கீலிடம் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அறிகுறி 9: போனே எடுப்பதில்லை

குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகாருக்கான மத்திய அரசுத் தளத்தில் உத்யம் எண்ணை வைத்து மனுப் போடலாம். அது மாநிலத்தின் வசதிக் குழுவுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று குழுக்கள் இருக்கின்றன. முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்றிருந்தால் 18 சதவீதம். தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் பார்ட்டி 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். உத்யம் பதிவு செய்வதற்கு முன் சப்ளை செய்த பில்லோடு போனால், வழக்கு அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடும்.

மனுவோடு வைக்க வேண்டியவை பி.ஓ., ஸ்டோர் சீல் போட்ட சலான், பில், மெயில்கள். மூன்றாவது அறிகுறியில் வாங்கச் சொன்ன ஜி.ஆர்.என். நம்பர்கள் இங்கே வந்து கைகொடுக்கும்.

பாக்கியைச் சிவில் வழக்கில் கேட்க 3 வருடக் காலவரம்பு உண்டு. அதற்குள் பார்ட்டி எழுத்தில் பாக்கியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். இதற்காகத்தான் ஏப்ரல் மாதம் எல்லாப் பார்ட்டிக்கும் 'மார்ச் 31 அன்று உங்கள் கணக்கில் இவ்வளவு நிலுவை, சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்' என்று ஒரு கடிதம் அனுப்புகிறேன். நல்ல உறவு இருக்கும்போது யாரும் யோசிக்காமல் சீல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். போனை எடுக்காத பார்ட்டி ஒருவரின் மூன்று வருடக் கடிதங்கள், வட்டச் சீலோடு, இப்போதும் என் ஃபைலில் இருக்கின்றன. வக்கீல் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அவற்றைத்தான்.